பழைய பஜாஜ் அவெஞ்சர் 220 பைக் எடுத்து ஆறு மாசம் ஆச்சு

2014 மாடல், மீட்டர்ல 41,000 கிலோமீட்டர், ரெண்டாவது ஓனர், பேசிப் பேசி 38,000 ரூபாய்க்கு முடிச்சேன். இதுவரைக்கும் நாலாயிரம் கிலோமீட்டர் ஓட்டியாச்சு, வண்டி ரொம்பப் பிடிச்சிருக்கு. ஆனா இத எடுக்குறதுக்கு முன்னாடி ரெண்டு வண்டிய வேணாம்னு விட்டுட்டு வந்தேன், அத சொல்லாம இந்த ரிவ்யூ எழுதுனா அரைகுறையாத்தான் இருக்கும்.

முதல் வண்டி ஒரு செகண்ட் ஹேண்ட் கடையில. குரோம் எல்லாம் பாலிஷ் போட்டு முகம் பாக்குற மாதிரி இருந்துச்சு, நான் அப்பவே மனசுக்குள்ள டோக்கன் அட்வான்ஸ் குடுத்துட்டேன். கூட வந்த மெக்கானிக் அண்ணன் வண்டிய சுத்திக்கூடப் பாக்கல, நேரா குனிஞ்சு இன்ஜின் மேல புறங்கைய வச்சாரு. "வரோம்னு போன்ல சொன்னியா தம்பி?"ன்னு கேட்டாரு. ஆமாண்ணே. "அதான் அடுப்பு சூடா இருக்கு." ஸ்டார்ட் பண்ணி ஓடவிட்டு நிறுத்தி வச்சிருக்காங்க. சூடான இன்ஜின் பாதிய மறைச்சிடுமாம், இன்ஜினுக்குள்ள இருக்குற டைமிங் செயின் தளர்ந்திருந்தா காலையில முதல் ஸ்டார்ட்லதான் சலங்கை மாதிரி கேக்கும், வால்வ் சீல் போயிருந்தா ராத்திரியெல்லாம் இறங்குன ஆயில் அப்பத்தான் நீலப்புகையா வரும். இன்னொன்னு, இந்த வண்டிக்கு கிக்கரே கிடையாது, செல்ஃப் மட்டும்தான், அதனால பேட்டரியும் செல்ஃப் மோட்டாரும் குளிர்ந்த இன்ஜின எப்படி சுத்துதுன்னு பாத்தே ஆகணும். மறுநாள் காலையில கடை திறக்கும்போதே சொல்லாம போய் நின்னோம். செல்ஃப் முக்கி முக்கி மூணாவது தடவைதான் எடுத்துச்சு, பின்னாடி நீலமா ஒரு மேகம். வேகமா போய் ஆக்சிலேட்டர விட்டு திரும்ப முறுக்குறப்ப மட்டும் புகைஞ்சா வால்வ் சீல், முறுக்க முறுக்க விடாம புகைஞ்சா பிஸ்டன் ரிங், சிலிண்டர் போர் வேலை, அது பெரிய செலவுன்னாரு. இது விடாம புகைஞ்சுது. கும்பிடு போட்டுட்டு கிளம்பிட்டோம்.

ரெண்டாவது வண்டி ஒருத்தர் வீட்டுல. இன்ஜின் சத்தம் அருமை, புகை இல்ல, ஆர்சி இன்சூரன்ஸ் எல்லாம் கரெக்ட். அண்ணன் ஹேண்டில்பார முழுசா ரெண்டு பக்கமும் திருப்பிட்டு டார்ச் அடிச்சு, அதுக்கு மேல திரும்பாம தடுக்குற லாக் ஸ்டாப்பரப் பாத்தாரு, ஒரு பக்கம் நசுங்கி பெயின்ட் உரிஞ்சிருந்துச்சு, விழுந்த வண்டியா இருக்கும்னாரு. நான் என்ன பெருசான்னு நினைச்சேன். வாசல்ல ஒரு பக்கெட் தண்ணிய ஊத்தி அதுல ரெண்டு டயரையும் நனைச்சு காஞ்ச தரையில நேரா உருட்டச் சொன்னாரு. முன்டயர் 90, பின்டயர் 130, அப்போ முன் தடம் பின் தடத்துக்குள்ள மறைஞ்சு போயிடணும்ல, இங்க வலது பக்கம் ஒரு விரக்கடை வெளிய தெரிஞ்சுது. செயின் அட்ஜஸ்டர் ரெண்டு பக்கமும் ஒரே கோட்டுலதான் இருக்கு, பின்சக்கரம் கோணலா மாட்டல, அப்போ பெண்டு சேசிஸ்லயோ முன்சக்கரத்தப் பிடிக்குற ஃபோர்க்லயோதான். ஓனர் முகத்தப் பாக்கவே சங்கடமா போச்சு, அவர் வாங்குறதுக்கு முன்னாடியே விழுந்த வண்டியாக்கூட இருக்கலாம்.

மூணாவதுதான் இப்ப என்கிட்ட இருக்குறது. பாக்க சுமார், டேங்க்ல கீறல், சீட் கிழிஞ்சது. காலையில ஒரே அமுக்குல ஸ்டார்ட். பிக்கப் மட்டும் மந்தம். இதுல ரெண்டு ஸ்பார்க் பிளக்கு, ஒன்னு செத்தாலும் இன்னொன்னுல வண்டி ஓடிட்டே இருக்கும், ஓட்டுறவருக்கு லேசுல தெரியாது. ஒரு பிளக் கேப்ப கழட்டுனதும் இன்ஜின் அப்படியே நின்னு போச்சு, அப்போ இன்னொரு பக்கம் எரியவே இல்லன்னு அர்த்தம், அத வச்சே விலைய குறைச்சோம். ஹேண்டில நேரா வச்சா டக்குனு ஒரு குழியில விழுந்த மாதிரி நின்னுச்சு, ஹேண்டில் திரும்புற பேரிங், அதான் கோன் செட், அவுட். பின் ஸ்ப்ராக்கெட்ல, அதாவது பின்சக்கர பல்சக்கரத்துல, செயினப் பிடிச்சு இழுத்தா பாதிப்பல் வெளிய தெரிஞ்சுது, பல்லெல்லாம் கொக்கி மாதிரி சாஞ்சிருந்துச்சு. ஸ்க்ரூடிரைவரால ஸ்போக்க தட்டிட்டே வந்தாரு, எல்லாம் டிங் டிங்னு வந்து ரெண்டு மட்டும் தளர்ந்து மந்தமா சத்தம் குடுத்துச்சு, அதயும் டைட் வச்சாச்சு. டேங்க்குள்ள டார்ச் அடிச்சா துரு இல்ல, கார்புரேட்டர் வண்டிக்கு அது பெரிய நிம்மதி.

பிளக், கோன் செட், செயின் செட், ஆயில், ஃபோர்க் சீல், கூலி எல்லாம் சேத்து ஏழாயிரத்து சொச்சம். அண்ணன் மூணு வண்டி பாத்ததுக்கு வாங்குனது ஆயிரம் ரூபாய், என்னக் கேட்டா அதுதான் நான் செஞ்ச உருப்படியான செலவு.

ஓட்டம் எப்படின்னா, பல்சர் 220 குடும்பத்து இன்ஜின்ங்கறதால பார்ட்ஸுக்கு அலைய வேண்டியதில்ல, ஹைவேல 80ல போனா தூக்கம் வர்ற அளவுக்கு சொகுசு, டவுனுக்குள்ள யூ டர்ன் அடிக்கிறது மட்டும் மாட்டு வண்டிதான். மைலேஜ் எனக்கு 37 கிடைக்குது. பின்னாடி டிரம் பிரேக் சுமார். அஞ்சுக்கு நாலு குடுப்பேன்.

ஒரு இடத்துலதான் அண்ணன் பேச்ச கேக்கல. இடது ஃபோர்க் குழாயில சின்னச் சின்னதா துருப்புள்ளி இருந்துச்சு, "சீல் மட்டும் மாத்துனா அந்தப் புள்ளி புது சீலையும் அறுத்துடும் தம்பி, குழாயையும் சேத்துப் பாத்துடுவோம்"னாரு, நான் காசு மிச்சம் பிடிக்க சீல் போதும்னுட்டேன். போன வாரம் துடைக்கும்போது குழாயில திரும்ப எண்ணெய் வளையம். ஞாயித்துக்கிழமை பிரிக்கலாம்னு சொல்லிருக்காரு, திட்டல, சிரிச்சாரு.