நான்கு வார விடுமுறையில் வீடு கட்ட ஆள் தேடியது

அப்பா கட்டிய வீட்டின் கூரையில் கம்பி துருப்பிடித்து, காரை பெயர்ந்து விழ ஆரம்பித்து இரண்டு வருடமாகிறது. இனி ஒட்டுப்போட்டுப் பயனில்லை என்று இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்துச் சொன்ன பிறகு, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது என்று முடிவானது. பணத்தில் பெரும்பங்கு என்னுடையது. குடியிருக்கப்போவது அப்பாவும் அம்மாவும் தம்பி குடும்பமும். வெளிநாட்டில் இருக்கும் எனக்குக் கையில் நான்கு வார விடுமுறை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் திரும்புவது என்று கிளம்பினேன்.

நான் போவதற்கு முன்பே தம்பி மூன்று பேரிடம் கொட்டேஷன் கேட்டிருந்தான். ஒருவர் ஆபீஸ் வைத்து நடத்தும் பில்டர். இரண்டாமவர் மாமாவுக்குப் பழக்கமான காண்டிராக்டர், பல வருட அனுபவம். மூன்றாமவர் தனியாக எடுத்துச் செய்யும் இன்ஜினியர். பில்டருடையது நான் இறங்கிய அன்றே தயாராக இருந்தது. பக்கம் பக்கமாக வண்ணப் படங்கள், கடைசியில் சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரே ஓர் எண். காண்டிராக்டர் கைப்பட எழுதிய இரண்டு தாள், கீழே மொத்தத் தொகை. இன்ஜினியரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. போன் செய்தால் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல்தான் எடுப்பார். "மண்ணு என்னன்னு தெரியாம அஸ்திவாரத்துக்கு எப்படிம்மா விலை சொல்றது?" என்றார். ஒரு நாள் வந்து குழி தோண்டிப் பார்த்துவிட்டுப் போனார். அதன் பிறகும் ஒன்பது நாள். எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

அந்த ஒன்பது நாளில் மற்ற இரண்டையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். பார்த்தவுடன் பில்டருடையதுதான் மலிவு. ஆனால் அந்தச் சதுர அடி எந்தச் சதுர அடி? உள்ளே 10 அடிக்கு 12 அடி அறை என்றால் 120 சதுர அடி. அதே அறையைச் சுற்றிலும் 9 அங்குலச் சுவரோடு வெளியிலிருந்து அளந்தால் 11.5-க்கு 13.5, அதாவது 155 சதுர அடிக்கும் மேல். சுவர் வரை சேர்ப்பது எல்லோரும் செய்வதுதான். பில்டர் அதற்கு மேல் சன்ஷேடு, போர்டிகோ, மாடிப்படிக்கு மேல் வரும் அறை எல்லாவற்றையும் முழுதாகச் சேர்த்திருந்தார். ஒரே வரைபடம்தான், காண்டிராக்டர் கணக்கில் 1,860 சதுர அடி, பில்டர் கணக்கில் 2,140. குறைந்த விலையைக் கூடுதல் அடியால் பெருக்கியபோதே இடைவெளி பாதி மறைந்துவிட்டது. இதைக் கேட்டதற்கு ஆபீசில், "எல்லாரும் இப்படித்தான் மேடம் அளப்பாங்க" என்ற பதில் மட்டும் வந்தது.

மீதி இடைவெளி எழுதாமல் விட்டவற்றில் இருந்தது. செப்டிக் டேங்க், தண்ணீர்த் தொட்டி, தரையை உயர்த்தக் கொட்டும் மண், சுற்றுச்சுவர், கேட் எதுவுமே பில்டரின் தாளில் இல்லை. காண்டிராக்டர் இவற்றையெல்லாம் எழுதியிருந்தார். ஆனால் 'டைல்ஸ், பெயிண்ட், வயரிங் உட்பட' என்பதோடு சரி. என்ன விலைக்குள் டைல்ஸ், எத்தனை கோட் பெயிண்ட், எத்தனை பாயிண்ட் வயரிங் என்று ஒன்றும் இல்லை. இப்படி இருக்கும்போது இரண்டு தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது.

அதனால் தம்பியும் நானும் இரண்டு ராத்திரி உட்கார்ந்து எங்கள் பட்டியலை நாங்களே எழுதினோம். அஸ்திவார ஆழம், தூண் எண்ணிக்கை, கம்பி அளவு, கூரையின் கனம், ஒவ்வோர் அறைக்கும் எத்தனை லைட், எத்தனை பிளக், பாத்ரூம் தரைக்கு அடியில் நீர்க்கசிவுத் தடுப்பு, கதவு எந்த மரம், டைல்ஸுக்கு உச்ச விலை என்று எல்லாம். கூரையின் கனம் சின்ன விஷயமாகத் தோன்றும். 4 அங்குலத்துக்கும் 5 அங்குலத்துக்கும் காங்கிரீட்டில் கால் பங்கு வித்தியாசம். இதை எழுதாமல் 'கூரை' என்று மட்டும் போட்டால் ஆளுக்கொரு கூரைக்கு விலை சொல்வார்கள். வரைந்து கொடுத்தவரிடம் அளவுகளைச் சரிபார்த்துக்கொண்டு, அதே தாளை மூன்று பேருக்கும் கொடுத்தோம். இதற்குத்தான் விலை, மாற்ற வேண்டியதிருந்தால் தனியாக எழுதுங்கள் என்றோம்.

வந்த பதிலில் வரிசையே புரண்டுவிட்டது. பில்டர் முதலிடத்துக்குப் போய்விட்டார், அதாவது அதிக விலை. காண்டிராக்டர் குறைவு, இன்ஜினியர் அவரைவிடச் சற்றுக் கூடுதல். காண்டிராக்டருக்கு வருத்தம்: "நம்பிக்கை இல்லையாம்மா?" என்று மாமாவிடமும் சொல்லிவிட்டார். எனக்கு அது சங்கடமாக இருந்தது. நம்பிக்கை இருப்பதால்தான் எழுதிக் கேட்கிறோம், பிறகு மனத்தாங்கல் வரக்கூடாது என்று அம்மாதான் அவரிடம் பேசினார்.

தாளை வைத்துவிட்டு, அவர்கள் கட்டிய வேலையை நேரில் பார்க்கப் போனோம். என் விடுமுறையில் உருப்படியாகச் செலவான நாட்கள் இவைதான். ஒவ்வொருவரிடமும் இரண்டு முகவரி கேட்டோம்: இப்போது நடக்கும் வேலை ஒன்று, முடித்துக் கொடுத்து மூன்று வருடமான வீடு ஒன்று. பில்டர் கட்டிய வீட்டில் பூச்சு கண்ணாடி மாதிரி இருந்தது. அந்த மட்டத்தில் மற்ற இருவரும் அவருக்குக் கிட்டே வரமாட்டார்கள். ஆனால் நடந்துகொண்டிருந்த வேலையில், மறுநாள் காங்கிரீட் போட வேண்டிய தளத்தில், கம்பிக்கு அடியில் ஆங்காங்கே ஜல்லிக்கல்லைச் சொருகி வைத்திருந்தார்கள். பல இடங்களில் அதுவும் இல்லை, கம்பி பலகையைத் தொட்டுக்கொண்டு கிடந்தது.

எங்கள் பழைய கூரை அப்படித்தான் போனது. கம்பிக்கு அடியில் போதிய காங்கிரீட் இருந்தால் அதுவே கம்பியைத் துருவிலிருந்து காக்கும். இல்லையென்றால் காற்றும் ஈரமும் எட்டிவிடும். துரு இரும்பைவிடக் கூடுதல் இடம் பிடிக்கும், உள்ளிருந்து நெட்டித் தள்ளிக் காரையைப் பெயர்க்கும். கம்பியை மூடும் அந்தக் காங்கிரீட் தளத்துக்கு 20 மில்லிமீட்டர், தூணுக்கு 40. இந்த இரண்டு எண்ணையும் அப்பா இப்போது மனப்பாடமாகச் சொல்வார்.

காண்டிராக்டரின் இடத்தில் வெட்டிப்போட்ட 12 எம்எம் கம்பித் துண்டு ஒன்றைத் தம்பி கேட்டு வாங்கி எடை போட்டான். மீட்டருக்கு 0.89 கிலோ வர வேண்டும் (கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி 162-ஆல் வகுத்தால் எந்தக் கம்பிக்கும் எடை கிடைக்கும்). சரியாக இருந்தது. நல்ல பொருள்தான் போடுகிறார். இன்ஜினியரின் இடத்தில் கம்பிக்கு அடியில் கவர் பிளாக் (கம்பி பலகையைத் தொடாமல் தூக்கி நிறுத்தும் சின்னக் கட்டைகள்) வரிசையாக இருந்தது, பக்கத்துத் தூண்களில் காங்கிரீட் சீக்கிரம் காய்ந்துவிடாமல் ஈரச்சாக்கு சுற்றியிருந்தது. அவர் மூன்று வருடம் முன்பு கட்டிய வீட்டில் இருந்த அம்மா, "பாத்ரூம் பக்கம் கசிஞ்சுது. சொன்னோம். பத்து நாள் கழிச்சுதான் வந்தார், ஆனா உடைச்சுச் சரிபண்ணிக் குடுத்துட்டார், காசு வாங்கல" என்றார். குறையோடு சேர்த்துச் சொன்னதால் எனக்கு இன்ஜினியர் மேல் நம்பிக்கை வந்தது.

கடைசியில் தீர்மானித்தது பணம் கொடுக்கும் முறை. காண்டிராக்டர் கூரை போட்டதும் 85 சதவீதம் கேட்டார். கூரைக்குப் பிறகுதான் பூச்சு, வயரிங், குழாய், தரை, கதவு, பெயிண்ட் எல்லாம். அவ்வளவு வேலை பாக்கியிருக்கும்போது 15 சதவீதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கடல் தாண்டி இருக்கும் நான் எதைக் கேட்க முடியும்? பேசிப் பார்த்தோம், அவர் இறங்கவில்லை. இன்ஜினியர் ஒன்பது கட்டமாகப் பிரித்துக்கொண்டார். கடைசி 5 சதவீதம் குடியேறி ஆறு மாதம் கழித்து. கூடுதல் வேலை எதுவானாலும் விலையை எழுதி, தம்பி கையெழுத்துப் போட்ட பிறகுதான். காங்கிரீட் போடும் ஒவ்வொரு முறையும் அதற்கு முன் படம் எடுத்து அனுப்ப வேண்டும், நான் சரி என்ற பிறகே கலவை. இதற்கு மட்டும் கொஞ்சம் யோசித்தார். "ராத்திரி எத்தனை மணிக்கு அனுப்பினாலும் பார்ப்பீங்களா?" என்று கேட்டார். பார்ப்பேன் என்றேன். எழுதிக்கொண்டார்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு கையெழுத்தானது. வாசல்படியின் உயரம் 6 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது என்பதை அம்மா ஓரத்தில் கையாலேயே எழுதச் சொன்னார், முழங்கால் வலி அவருக்கு.

போன வாரம் இங்கே அதிகாலை மூன்றரை மணிக்குப் படம் வந்தது. அஸ்திவாரக் குழிகள், கட்டிய கம்பி, அடியில் கவர் பிளாக். பெரிதாக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு படத்திலும் கம்பிக்குக் கீழே டேப் விரித்திருந்தது. ஒன்றில் டேப்பின் நுனியைப் பிடித்திருந்தது அப்பாவின் கை. அஸ்திவாரத்துக்கு வேண்டிய 50 மில்லிமீட்டர் தெளிவாகத் தெரிந்தது. போடலாம் என்று பதில் அனுப்பினேன்.