எண்ணூர் சேறு: வண்ண அட்டையா, கரைசலா?

ஒரு மண் ஈரநில மண்தானா என்று கண்டுபிடிக்க இரண்டு வழி: நிறம் பார்ப்பது, கரைசல் விடுவது. ஈரநில மண் என்றால் பொதுவாகச் சாம்பல் நிறமும், வேர்த்துளைகளைச் சுற்றித் துருச்சிவப்பும் இருக்கும். மண்ணின் நிறத்தை ஒப்பிட உதவும் மன்செல் வண்ண அட்டையை வைத்துப் பார்த்தால் போதும். ஆனால் எண்ணூர் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பலும் படிந்து கிடக்கிறதே! தண்ணீர் தேங்காத சாம்பல் மேடுகூட அட்டையில் பாஸாகிவிடும்.

டைபிரிடைல் கரைசல் இப்படி ஏமாறாது. கையால் புதிதாகப் பிட்ட ஈரக்கட்டியில் சில சொட்டு விட்டால், ஃபெரஸ் இரும்பு (தண்ணீர் தேங்கி ஆக்சிஜன் இல்லாமல் போன மண்ணில் உருவாகும் இரும்பு வடிவம்) உள்ள இடம் இளஞ்சிவப்பாகும். மண்வெட்டி பட்ட மண்பரப்பில் விடக்கூடாது. மண்வெட்டியின் இரும்பே நிறம் காட்டிவிடும். காய்ந்த மண்ணிலும், இரும்பு குறைந்த கடற்கரை மணலிலும் நிறம் மாறாது. அதற்காக அது ஈரநிலமே இல்லை என்று சொல்லிவிட முடியாது.

மார்கழி ஈரத்தில் என் ஓட்டு கரைசலுக்கு. சித்திரையில் அட்டைதான், அதுவும் சாம்பல் படிவுக்குக் கீழே தோண்டிய பிறகு.