காடோ குடுவை: வாங்கலாம், தண்ணீர் மட்டும் ஊற்றாதீர்கள்

விலையை முதலில் சொல்லிவிடுகிறேன், எங்கள் வீட்டிலும் முதல் கேள்வி அதுதான். காடோ என்ற அமெரிக்கப் பழங்குடியினர் கையால் செய்கிற மண்குடுவை, 240 டாலர். ஒரு சாண் உயரம், நீண்ட கழுத்து, உருண்டை வயிறு, கரிச்சட்டி நிறம். "இதுல என்ன ஊத்தி வெக்கறது?" என்றார் இந்தியாவிலிருந்து வந்திருக்கும் என் மாமியார். அந்தக் கேள்விதான் பின்னால் வம்பில் போய் முடிந்தது.

ஒக்லஹோமாவில் ஒரு கைவினைச் சந்தையில் வாங்கினேன். விற்றவர் காடோ பழங்குடியைச் சேர்ந்த பெண்மணி, அறுபதைத் தாண்டியிருப்பார். டெக்சஸின் டாலஸிலிருந்து வருகிறோம் என்றதும் சிரித்தார். "டெக்சஸ்ங்கிறதே எங்க வார்த்தைதான். 'தேஷா'ன்னா நண்பன். ஸ்பானியக்காரங்க அதை 'தேஹாஸ்'னு எழுதி வெச்சாங்க." பதினோரு வருஷமாக அந்த மாநிலத்தில் இருக்கிறேன், இது தெரியாது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். "பழசு ஏதாவது விற்பனைக்கு இருக்கா?" என்று கேட்டுத் தொலைத்தேன். அவர் முகம் மாறவில்லை. "பழசெல்லாம் எங்க பாட்டிமாரோட சேர்த்துப் புதைச்சது. தோண்டி வித்தவங்க எங்க ஆளுங்க இல்ல" என்றார். டெக்சஸ், அர்கன்சா, லூசியானா, ஒக்லஹோமா ஆகிய நான்கும் கூடுகிற பகுதிதான் காடோக்களின் பூர்வீக மண். இறந்தவரோடு பானை சட்டிகளையும் புதைப்பது அவர்கள் வழக்கம். 1859இல் டெக்சஸில் மிச்சமிருந்தவர்களையும் இன்றைய ஒக்லஹோமாவுக்கு விரட்டியாகிவிட்டது. அப்புறம் அந்தக் கல்லறைகளைக் கேட்க யார் இருந்தார்கள்? முதுமக்கள் தாழி பற்றிப் பள்ளியிலேயே படித்தவள் நான், கேட்கும் முன் யோசித்திருக்க வேண்டும்.

இடம் மாறியதில் பானை செய்கிற பழக்கமும் விட்டுப்போயிருந்தது. 1991இல் ஜெரல்டீன் ரெட்கார்ன் என்ற காடோ பெண், ஐடபெல் ஊர் அருங்காட்சியகத்தில் முன்னோர் செய்த பானைகளைப் பார்த்துவிட்டு, தானே செய்து, உடைத்து, மறுபடி செய்து அந்தக் கலையை மீட்டார். ஒபாமா காலத்தில் அவருடைய பானை ஒன்று வெள்ளை மாளிகையின் ஓவல் அலுவலகத்திலேயே இருந்தது. என்னிடம் இருப்பது அவர் செய்ததல்ல. அந்த வழியில் வந்த ஒருவர் செய்தது.

சரி, பொருளுக்கு வருவோம். சக்கரம் கிடையாது. மண்ணைக் கயிறு மாதிரி உருட்டி, சுற்றிச் சுற்றி அடுக்கி, விரலால் இழைத்து எழுப்புவது. தீயில் வெடிக்காமல் இருக்க மண்ணோடு உடைந்த பானையின் பொடி, எலும்புப் பொடி, கிளிஞ்சல் பொடி என்று எதையாவது சேர்ப்பார்கள். பாதி காய்ந்ததும் கூழாங்கல்லால் தேய்ப்பு. என் குடுவையில் அந்தக் கல் ஓடிய தடத்தைச் சாய்வான வெளிச்சத்தில் பார்க்கலாம். எண்ணெய் தடவின மாதிரி மினுக்கம், ஆனால் எண்ணெய் கிடையாது. வயிற்றைச் சுற்றி ஒன்றுக்குள் ஒன்று பின்னிப்போகும் சுருள்கள், கூர்முனையால் கீறியவை. கீறலுக்குள் காவிப்பொடியைத் தேய்த்துவிட்டிருக்கிறார். ஒரு இடத்தில் கை நடுங்கியிருக்கிறது, கோடு இரட்டிக்கிறது. எனக்குப் பிடித்த இடம் அதுதான்.

மாமியார் விரலை மடக்கித் தட்டிப் பார்த்தார். "கணீர்னு கேக்கலையே, சரியா வேகல." ஒரு வகையில் சரிதான். சூளையில் வைக்காமல் திறந்தவெளி விறகுத் தீயில் சுட்டது, அவ்வளவு சூடு ஏறாது. அதனால் நீர் கசியும். தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்று விற்ற அம்மா இரண்டு முறை சொல்லித்தான் கொடுத்தார். நான் அதை வீட்டில் சொல்லவில்லை. மறுநாள் காலை எழுந்தால் குடுவை நிறையத் தண்ணீர், மேஜையில் வட்டமாக ஈரம், பாலீஷ் வெளுத்துப்போய் நிற்கிறது. "மண்பானைத் தண்ணி குளிர்ச்சியா இருக்குமேன்னு வெச்சேன். நாலு நாள் கஞ்சித் தண்ணி ஊத்திப் பழக்கினா சரியாயிடும்" என்றார். வேண்டவே வேண்டாம் அத்தை என்று பிடுங்கி வைத்தேன். நிழலில் ஒரு வாரம் காய்ந்தது. அடியில் ஒரு மங்கல் வளையம் மட்டும் நின்றுவிட்டது.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று. செய்தவர் யார், எந்தப் பழங்குடி என்று தயங்காமல் கேளுங்கள். பழங்குடியினர் செய்யாததை அவர்கள் செய்தது என்று விற்பது அமெரிக்காவில் 1990ஆம் வருஷச் சட்டப்படி குற்றம். நேர்மையானவர்கள் கேட்டால் சந்தோஷமாகச் சொல்வார்கள், எனக்கு விற்றவர் அரை மணி நேரம் சொன்னார்.

ஐந்துக்கு நாலரை. அரை குறைத்தது விலைக்காக. மேஜை போனது எங்கள் தப்பு. அகலவாய்ச் சட்டி ஒன்றுக்கும் சொல்லி வைத்திருக்கிறேன், எனக்கு முன்னால் ஏழு பேர் இருக்கிறார்களாம்.