மதிப்பிடக் கொடுத்த பழைய கைக்கடிகாரம் டயல் மாற்றப்பட்டுத் திரும்பியது: ஓர் எச்சரிக்கை

என் தந்தை விட்டுச்சென்ற 1960களின் ஒமேகா கைக்கடிகாரத்தை, பழைய கடிகாரங்களை வாங்கி விற்கவும் செய்யும் பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் மதிப்பீட்டுக்குக் கொடுத்திருந்தேன். அது எந்த ஆண்டைச் சேர்ந்தது, பாகங்கள் அசலானவைதானா என்று பார்த்துச் சொல்வது மட்டுமே அவர் ஒப்புக்கொண்ட வேலை. நான் கேட்காமலேயே அவர் கேஸை, அதாவது கடிகாரத்தின் வெளிக்கூட்டை, பாலிஷ் செய்து, டயலின் பழைய பூச்சைச் சுரண்டியெடுத்துப் புதிதாக அச்சிட்டுத் திருப்பிக் கொடுத்தார். கொடுத்த கையோடு, டயல் அசல் இல்லாததால் நல்ல விலை போகாது என்றும், குறைந்த விலைக்குத் தாமே எடுத்துக்கொள்வதாகவும் கூறினார்.

கடிகாரம் தம்மிடம் வந்ததே அப்படித்தான் என்று அவர் சாதித்தார். ஆனால், கொடுப்பதற்கு முன் நான் எடுத்த படங்களில், 6 மணிக் குறிக்குக் கீழே ‘டி சுவிஸ் மேட் டி’ என்ற எழுத்துகள் தெளிவாக இருக்கின்றன. அந்த இரண்டு ‘டி’யும் ஒளிரும் பூச்சில் டிரிட்டியம் என்ற கதிரியக்கப் பொருள் உள்ளதைக் குறிப்பவை, இப்போதைய டயலில் அவை இல்லை. டிரிட்டியத்தின் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறையும் காலம், சுமார் 12.3 ஆண்டுகள் என்பதால், அரை நூற்றாண்டு கடந்த பூச்சு பெரும்பாலும் மங்கிப்போயிருக்க வேண்டும். இதுவோ விளக்கொளி பட்டபின் இருட்டில் நெடுநேரம் பளிச்சென்று ஒளிர்கிறது. நிமிடக் கோடுகளும் சீராக இல்லை, எழுத்துகள் தடித்திருக்கின்றன. பட்டை கோக்கும் கொம்புகளின் கூர்மையான விளிம்புகள் மழுங்கிவிட்டன. தேய்த்தெடுத்த அசல் உலோகத்தை இனி யாராலும் திரும்ப வைக்க முடியாது. மங்கிய அசல் டயலையே சேகரிப்பாளர்கள் பொதுவாக விரும்புகிறார்கள் என்பது அந்தத் தொழிலில் இருப்பவருக்குத் தெரியாததல்ல. அதனால்தான் என் மனம் ஆறவில்லை.

பின்மூடியின் உட்புறத்தில் உள்ள மாடல் எண்ணையும், உள்ளே இயங்கும் இயந்திரமான மூவ்மென்ட்டில் பொறித்த, அதன் வகையைக் குறிக்கும் காலிபர் எண்ணையும் தொடர் எண்ணையும் முன்பே படமெடுத்து வைத்திருந்ததால், மூவ்மென்ட்டாவது மாற்றப்படவில்லை என்று உறுதிசெய்ய முடிந்தது. உங்களிடம் இத்தகைய கடிகாரம் இருந்தால், பின்மூடியை உங்கள் கண்முன்னே திறக்கச் சொல்லி அந்த எண்களைப் படமெடுங்கள். பாலிஷ் வேண்டாம், டயலையும் முட்களையும் தொடக் கூடாது, எந்தப் பாகத்தை மாற்றினாலும் பழையதைத் திருப்பித் தர வேண்டும் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். மதிப்பிடுபவரே வாங்க முன்வந்தால், தொடர்பில்லாத வேறொருவரிடம் காட்டும்வரை விலை பேசாதீர்கள்.

அந்தப் பின்மூடியை வீட்டில் நீங்களே திறக்கவும் வேண்டாம். டிரிட்டியத்துக்கு முந்தைய கடிகாரங்கள் பலவற்றின் ஒளிரும் பூச்சில் ரேடியம் உண்டு. அதன் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டுகள். ஒளி அணைந்துபோன பிறகும் கதிர்வீச்சு நீடிப்பதால், உதிரும் அந்தத் துகளை மூச்சில் இழுப்பது ஆபத்தானது.