விற்கப் போனால்தான் தெரியும்: இரண்டு சூப்பர்கார், பதினொரு வருடம்

முதல் வண்டியை விற்கப் போன அன்று, பார்க்க வந்தவர் எஞ்சினை ஸ்டார்ட் செய்யச் சொல்லவே இல்லை. சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய மீட்டர் ஒன்றை எடுத்தார். பெயின்ட் கனம் பார்க்கும் மீட்டர். பானெட்டில் ஆரம்பித்து ஒவ்வொரு பேனலிலும் மூன்று நான்கு இடத்தில் ஒற்றி ஒற்றி எடுத்துக்கொண்டே போனார். கதவு வரை எண்கள் பெரிதாக மாறவில்லை. பின்சக்கரத்துக்கு மேலே வைத்ததும் இரண்டு மடங்கானது.

“இங்க ரீபெயின்ட் ஆகியிருக்கா சார்?”

பார்க்கிங் தூணில் உரசியது. மறைக்க ஒன்றுமில்லை, பில் இருந்தது, காட்டினேன். தலையாட்டிக்கொண்டார். பிறகு அவர் சொன்ன தொகை நான் கொடுத்ததில் பாதியைக்கூடத் தொடவில்லை. நாலரை வருடம், 19,000 கிலோமீட்டர், அதற்கு இந்த விலையா என்று என் முகத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். அவராகவே சொன்னார்: “உரசலுக்காகக் குறைக்கல சார். இதே மாடல் இந்த மாசம் மட்டும் நாலு வந்திருக்கு. இதுக்கு அடுத்ததும் ஷோரூம்ல நிக்குது.”

ரீசேல் பற்றிச் சொல்ல வேண்டியதை அவர் அங்கேயே சொல்லிவிட்டார். எனக்கு அது உறைக்க இன்னொரு வண்டியும் ஏழு வருடமும் தேவைப்பட்டன.

அந்த முதல் வண்டியின் பெயர் வேண்டாம். நடுவில் எஞ்சின், அதற்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ, கியர் மாற்ற ஸ்டீயரிங் பின்னால் துடுப்பு போன்ற பட்டைகள். ஓட்ட அருமையான வண்டி, அதில் குறை சொல்ல மாட்டேன். நின்றபோதுதான் தொல்லை. நடுத்திரை இருண்டுபோகும், ஏதாவது ஒரு சென்சார் எச்சரிக்கை விளக்கைப் போட்டுவிட்டு மறுநாள் தானாகவே அணைந்துவிடும். வாரண்டி இருந்தவரை சிரித்துக்கொண்டே சர்வீஸுக்கு அனுப்பினேன். வாரண்டி முடிந்த வருடம் சிரிப்பும் முடிந்தது. வாங்க வருபவர்களும் முதல் கேள்வியாக வாரண்டி எத்தனை மாதம் பாக்கி என்றுதான் கேட்டார்கள். ஃபெராரி தன் புது வண்டிகளோடு ஏழு வருடப் பராமரிப்பைச் சேர்த்தே தருவதும், வண்டி கை மாறினாலும் அது புது உரிமையாளருக்குத் தொடர்வதும் ஏன் இவ்வளவு பேசப்படுகிறது என்று அப்போதுதான் விளங்கியது. இரண்டாவதாக வாங்குபவரின் பயத்தைக் கம்பெனியே பாதி சுமந்துகொள்கிறது.

ஆனால் என் வண்டியின் விலை விழுந்ததற்குப் பெரிய காரணம் அந்தத் திரையோ சென்சாரோ அல்ல. நான் அதை வாங்கிய காரணமேதான். வேகத்துக்காக வாங்கினேன். வேகம் என்பது அடுத்த மாடல் வந்ததும் நம்மிடமிருந்து பறிபோகிற முதல் பொருள். மெக்லாரனின் 12சி 2011-ல் வந்தது. 2014-ல் 650எஸ் வந்து அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. அதே 3.8 லிட்டர் எஞ்சினின் வளர்ந்த வடிவம், இன்னும் அதிக சக்தி. மூன்றே வருடம். 12சி ஒரே நாளில் மோசமான வண்டியாகிவிடவில்லை. அதனிடம் இருந்ததெல்லாம் இன்னொன்றிலும் கிடைத்தது, கொஞ்சம் கூடுதலாகவே கிடைத்தது, அவ்வளவுதான்.

இதற்கு நேர் எதிரான கணக்கு ஃபெராரி 458. 2009-ல் அறிமுகம், டர்போ இல்லாத 4.5 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சின், நிமிடத்துக்கு 9,000 சுற்று வரை ஏறும். 2015-ல் 488 ஜிடிபி டர்போவோடு வந்தது. காகிதத்தில் எல்லாவற்றிலும் முந்தியது. ஆனால் செகண்ட் ஹேண்ட் சந்தையில் பழைய 458 புதிய 488-க்கு வழிவிட்டு ஒதுங்கவில்லை, பல இடங்களில் அதற்குச் சமமாகவே நிற்கிறது. ஏனென்றால் அந்தச் சத்தமும், ஆக்ஸிலரேட்டரைத் தொட்ட மாத்திரத்தில் எஞ்சின் பதில் சொல்லும் அந்த விதமும் 488-ல் இல்லை. மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இருக்கிற இருப்பில் இனி வருவதும் கடினம். அதற்கு முந்தைய ஃபெராரி F430-ல், லீவர் நகரும் வழிகளை வெட்டிய உலோகத் தட்டு வைத்த மேனுவல் கியர் வண்டிகளுக்குத் துடுப்பு கியர் வண்டிகளைவிட எவ்வளவோ கூடுதல் விலை கிடைப்பதும் இதனால்தான். மேனுவல் மெதுவானது என்பது வாங்குபவர்களுக்குத் தெரியாமல் இல்லை.

ஆக, இரண்டாவது வண்டி வாங்கும்போது நான் ஒரே ஒரு கேள்வி வைத்துக்கொண்டேன். இதில் இருப்பதை இதைச் செய்தவர்களே நாளைக்கு வேறொன்றில் கொடுத்துவிடுவார்களா?

2018-ல் வாங்கியது போர்ஷே 911 ஜிடி3. டர்போ இல்லாத 4 லிட்டர் எஞ்சின், 500 குதிரைத்திறன், 9,000 சுற்று, ஆறு கியர் மேனுவல். இதைச் சூப்பர்கார் என்று ஒத்துக்கொள்ளாதவர்கள் உண்டு. இருக்கட்டும். வாங்கும் முன் அதன் கதையைத் தோண்டிப் பார்த்தேன், அந்தக் கதையே ஒரு ரீசேல் பாடப் புத்தகம். 2013-ல் வந்த ஜிடி3-க்கு மேனுவல் கிடையாது, தானியங்கி இரட்டை கிளட்ச் மட்டும். ரசிகர்கள் கொதித்தார்கள். போதாக்குறைக்கு 2014-ல் எஞ்சினுக்குள் கனெக்டிங் ராட் போல்ட் தளர்ந்து சில வண்டிகள் தீப்பிடிக்க, ஓட்டாதீர்கள் என்று சொல்லிவிட்டு 785 வண்டிகளுக்கும் எஞ்சினையே மாற்றிக் கொடுத்தது கம்பெனி. இப்படி ஒன்று நடந்தால் ஒரு மாடலின் பெயர் அதோடு போயிருக்க வேண்டும். போகவில்லை. மொத்தமாக மாற்றியதால் அடுத்தடுத்து வாங்கியவர்களுக்குச் சந்தேகப்பட ஒன்றும் மிச்சமில்லை.

2016-ல் 911 ஆர் வந்தது. மேனுவல் மட்டும், பின்னிறக்கை கிடையாது, மொத்தம் 991 வண்டிகள். புது விலையைப் போலப் பல மடங்குக்குக் கை மாறின. அவற்றில் பலவும் ஓட்டுவதற்காக வாங்கியவை அல்ல, அடுத்தவருக்குத் தள்ளிவிட வாங்கியவை. மறுவருடமே போர்ஷே ஜிடி3-க்கு மேனுவலைத் திருப்பிக் கொண்டுவந்தது. கூடவே இறக்கை இல்லாத டூரிங் வடிவத்தையும் விட்டது. ஆர் வண்டிகளின் விலை சரிந்தது. உச்சத்தில் வாங்கியவர் தலையில் துண்டு. ஆர் வண்டியில் ஒரு பழுதும் இல்லை, எண்ணிக்கையும் 991-தான். அதைத் தனியாகக் காட்டிய அந்த ஒரு விஷயம் இன்னொரு வாசல் வழியாக வெளியே வந்துவிட்டது.

அவர்களை நஷ்டப்படுத்திய அந்த மேனுவல் ஜிடி3-தான் என்னுடையது. ஆகவே 2021-ல் அடுத்த ஜிடி3 வந்தபோது என் முறை வந்துவிட்டது என்றே நினைத்தேன். அதிலும் டர்போ இல்லாத 4 லிட்டர், அதிலும் மேனுவல், 510 குதிரைத்திறன். நான் தப்பித்ததற்கு என் புத்திசாலித்தனம் காரணமல்ல. அப்போது உலகம் முழுக்கச் சிப் தட்டுப்பாடு. புது வண்டி கையில் கிடைக்காததால் பழைய வண்டிகளுக்கு எங்கும் கிராக்கி. நான் கொடுத்த விலைக்கு மேலேயே கேட்டார்கள். பிறகு சந்தை இறங்கியது, என் வண்டியும் கொஞ்சம் இறங்கியது. ஆனாலும் முதல் வண்டி போட்ட பள்ளத்தோடு ஒப்பிட்டால் இது சின்னக் கீறல். இந்தக் காலத்தில் லாபம் பார்த்த பலர் அதைத் தங்கள் தேர்வின் சாமர்த்தியம் என்று எழுதுகிறார்கள். வருடத்தைப் பார்த்துவிட்டு நம்புங்கள்.

எண்ணிக்கை குறைவென்றால் விலை நிற்கும் என்பதையும் நான் அப்படியே ஏற்பதில்லை. டொயோட்டாவின் லெக்ஸஸ் எல்எஃப்ஏ மொத்தமே 500. 2010 முதல் 2012 வரை செய்தார்கள். உற்பத்தி முடிந்து வருடக்கணக்கில் சில வண்டிகள் ஷோரூமிலேயே விற்காமல் நின்றன. லெக்ஸஸுக்கு இவ்வளவு விலையா என்றுதான் கேட்டார்கள். முள்ளால் ஈடுகொடுக்க முடியாத அளவுக்கு எஞ்சின் வேகமாகச் சுற்றும் என்பதால் மீட்டரையே டிஜிட்டலாக வைத்த வண்டி அது. மேனுவல்கூட இல்லை. இன்று புது விலையைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது. அப்படி ஒரு வி10 அதற்குப் பிறகு அந்தக் கம்பெனியிலிருந்து வரவே இல்லை, அதைச் சந்தை உணர்வதற்குப் பத்து வருடம் ஆயிற்று.

பேட்ஜ், அதாவது வண்டியில் இருக்கும் கம்பெனிப் பெயர், அந்த விஷயம் மட்டும் நியாயமே இல்லாதது. லம்போர்கினி ஹுராகானிலும் இரண்டாம் தலைமுறை ஆடி ஆர்8-லும் இருப்பது ஒரே 5.2 லிட்டர் வி10 குடும்பம், அடிக்கூடும் பொது. ஆர்8 தினசரி ஓட்ட இன்னும் வசதி. ஆனால் புதிதாக வாங்கியவருக்கு ஆர்8-தான் அதிகம் இழப்பு வைத்தது. செகண்ட் ஹேண்டில் வாங்குபவராக இருந்தால் இதே காரணத்துக்காக ஆர்8-ஐ முதலில் பாருங்கள் என்பேன். அடுத்தவர் நஷ்டம் ஏற்கெனவே உங்களுக்குத் தள்ளுபடியாகிவிட்டது.

பெட்ரோலோடு மின்மோட்டாரும் உள்ள ஹைப்ரிட் பற்றிக் கேட்கிறார்கள். எண்ணி 499 மட்டும் செய்த லாஃபெராரி, 375 மட்டும் செய்த மெக்லாரன் பி1, 918 மட்டும் செய்த போர்ஷே 918 ஸ்பைடர் இவை வேறு உலகம். தொடர் உற்பத்தியில் வந்த ஃபெராரி எஸ்எஃப்90 ஆயிரம் குதிரைத்திறன் வைத்திருந்தும் பழைய சந்தையில் நன்றாகவே இறங்கியது. பேட்டரிக்கு வயதானால் யார் செலவு என்பதற்கு வாங்குபவர் மனதில் பதில் இல்லாதவரை விலையில் அது கழிந்துகொண்டேதான் இருக்கும்.

சரி, ஜிடி3-யோடு வாழ்ந்தது எப்படி? விலை நிற்கிறது என்பதற்காகச் சும்மா நிற்கிற வண்டி இல்லை. ரேஸ் டிராக்கை மனதில் வைத்துச் செய்த கப் 2 டயர்கள் சூடேறினால் ரோட்டைப் பசை போலப் பிடிக்கும், குளிர்ந்த ஈர ரோட்டில் பயமுறுத்தும். பின்டயர் 305 மில்லிமீட்டர் அகலம், சீக்கிரம் தேயும். சக்கரத்துக்கு ஐந்து போல்ட் கிடையாது, நடுவில் ஒரே நட். அதை 600 நியூட்டன் மீட்டர் வரை முறுக்க வேண்டும். முதல் தடவை பட்டறையில் ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொள்ள, இன்னொருவர் தன் உயரத்துக்கு இருந்த ஸ்பேனரில் தொங்கியதைப் பார்த்தபின், பஞ்சரானால் நாமே மாற்றிக்கொள்ளலாம் என்ற எண்ணம் போய்விட்டது. பின்சக்கரம் வாரியடிக்கும் சரளைக் கற்கள் உள்ளே விழும் சத்தம் ஆரம்பத்தில் ஏதோ கழன்றுவிட்டது போல இருக்கும். பழகிவிடும்.

ஆப்ஷன்களில் நான் செய்த தவறு, உள்ளே தோல் வேலைப்பாட்டுக்குக் கொட்டிய பணம். யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்பதெல்லாம் முன்பக்கத்தைத் தூக்கும் லிஃப்ட் இருக்கிறதா, கார்பன் பக்கெட் சீட் இருக்கிறதா என்பதுதான். அந்த லிஃப்ட் தூக்குவது வெறும் 30 மில்லிமீட்டர். பட்டனைத் தட்ட மறந்துபோய் முன் பம்பரின் கீழ் உதட்டைத் தேய்த்தவர்களுக்கு அந்த முப்பதின் அருமை தெரியும். பெயின்ட் மேல் ஒட்டும் பாதுகாப்பு ஃபிலிம் முதல் வாரமே ஒட்டினேன். முதல் வண்டியில் அந்த மீட்டரைப் பார்த்தவன் ஆயிற்றே.

நடுவில் ஒரு வருடம் வேறொரு பைத்தியம் பிடித்தது. ஓடோமீட்டர் ஏறினால் விலை இறங்குமே என்று வண்டியை மூடியே வைத்தேன். பேட்டரி செத்தது, டயர் ஒரு பக்கம் தட்டையானது, ஓட்டினால் தடதடவென்று அடித்தது. இந்த வகை வண்டியில் வருடக்கணக்காக நின்றதைவிட, ஒழுங்காக ஓடி ஒழுங்காக சர்வீஸ் ஆனதைத்தான் விவரம் தெரிந்தவர்கள் விரும்புகிறார்கள். மறுபடி ஓட்ட ஆரம்பித்தேன். இப்போது 31,000 கிலோமீட்டர்.

போன வருடம் விற்றுவிடலாமா என்று ஒரு யோசனை. வாங்க வந்தவர் பெயின்ட் மீட்டர் கொண்டுவரவில்லை, லேப்டாப்போடு ஒரு டெக்னீஷியனைக் கூட்டிவந்தார். ஸ்டீயரிங்குக்குக் கீழே சொருகி எஞ்சின் கம்ப்யூட்டரின் பதிவைத் திறந்தார்கள். எஞ்சின் சுற்று வரம்பை மீறியபோது மொத்தம் எத்தனை எரிப்பு, கடைசியாக எத்தனையாவது மணி நேரத்தில் என்று, மீறிய அளவைப் பொறுத்து ஆறு படிகளாக அதில் பதிந்திருக்கும். ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் எஞ்சின் தன்னைத்தானே தடுத்துக்கொள்ளும். தவறான கியரைப் போட்டால் தடுக்க முடியாது, சக்கரமே எஞ்சினை இழுத்துச் சுற்றிவிடும். மேல்படிகளில் எண் இருந்தால் அது கைத்தவறு என்று அர்த்தம்.

நான்காவது படியில் 38 என்று இருந்தது. 212-வது மணி நேரம்.

எனக்கு அது நன்றாகவே நினைவிருந்தது. ஐந்தாவதிலிருந்து நான்காவதுக்கு இறக்கப் போய்க் கை இடதுபக்கம் அதிகம் சாய்ந்து இரண்டாவதில் விழுந்தது. உடனே கிளட்சை மிதித்துவிட்டேன். 38 எரிப்பு என்றால் அந்தச் சுற்றில் நொடியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. சொன்னேன். டெக்னீஷியன் திரையில் மொத்த ஓட்டத்தைப் பார்த்தார்: 640 மணி நேரம். “அதுக்கப்புறம் 428 மணி நேரம் ஓடியிருக்கு சார். அடிபட்டிருந்தா இந்நேரம் காட்டியிருக்கும்” என்றார் வாங்க வந்தவரிடம். அவர் சொன்ன விலை நான் 2018-ல் கொடுத்ததற்குப் பக்கத்தில் இருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்றேன், பிறகு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அன்று அவர்கள் போகும்போது அந்த அறிக்கையை ஒரு பிரிண்ட் கேட்டு வாங்கிக்கொண்டேன். சர்வீஸ் புக்கில் செருகி வைத்திருக்கிறேன். அடுத்து யார் வந்தாலும், லேப்டாப்பைத் திறக்கும் முன்னால் அதைத்தான் முதலில் எடுத்துக் கொடுப்பேன்.