எலியட்ஸ் கடற்கரையில் கிண்டிலா, காகிதமா?

கடற்கரையில் உட்கார்ந்து படிப்பவர்களுக்குக் காற்றுதான் பகை என்று பலரும் சொல்வார்கள். காற்றைச் சமாளித்துவிடலாம், வெளிச்சம்தான் படுத்தும். சென்னை பெசன்ட் நகரில் இருக்கும் எலியட்ஸ் கடற்கரை கிழக்கு பார்த்தது. காலை ஏழு மணிக்குக் கடலைப் பார்த்து உட்கார்ந்தால் புத்தகத்தின் பக்கம் நிழலில் இருக்கும், எதிரே தண்ணீர் தகதகக்கும். அந்தப் பளபளப்புக்குச் சுருங்கிய கண்ணுக்கு எழுத்து மங்கலாகத்தான் தெரியும். சரியென்று கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பினால், வெள்ளைவெளேர் என்ற தாளில் நேர் வெயில் விழுந்து இரண்டு பக்கத்துக்குள் தலைவலி வந்துவிடும். பழுப்புத் தாளில் அச்சிட்ட பதிப்புகள் எவ்வளவோ தேவலை.

என் கையில் இருப்பது 2021 இல் வந்த கிண்டில் பேப்பர்வைட், அதாவது அமேசானின் மின்நூல் படிக்கும் கருவி. 6.8 அங்குலத் திரை, 205 கிராம் எடை. வெயில் ஏற ஏற எழுத்து இன்னும் துலக்கமாகத் தெரிவதுதான் இதன் சிறப்பு. திரைக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய குமிழ்கள். ஒவ்வொன்றிலும் எதிரெதிர் மின்னேற்றம் கொண்ட கறுப்பு, வெள்ளைத் துகள்கள். மின்புலம் எதை மேலே இழுக்கிறதோ அந்த நிறம் தெரிகிறது. அதாவது, திரை தானாக ஒளிர்வதில்லை. தாளைப் போலவே மேலே விழும் வெளிச்சத்தைத் திருப்பித் தருகிறது. செல்போன் திரையோ சூரியனோடு போட்டி போட்டுத் தோற்கிறது, பேட்டரியையும் தின்றுவிடுகிறது. கிண்டிலின் பின்னணி சற்றே சாம்பல் நிறம். வீட்டில் அது குறையாகத் தோன்றலாம். வெயிலில் அதுதான் கண்ணைக் காப்பாற்றுகிறது. போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போட்டால் சில செல்போன் திரைகள் ஒரு கோணத்தில் இருண்டே போகும். இதில் அந்தத் தொல்லை இல்லை.

காற்று விஷயத்துக்கு வருகிறேன். தமிழில் தடித்த நாவல்கள் பெரும்பாலும் பசை ஒட்டிய கட்டுதான். நடுவில் கட்டைவிரலை அழுத்தி இரண்டு கையாலும் விரித்துப் பிடிக்க வேண்டும். கொஞ்சம் வேகமாக விரித்தால் முதுகில் ஒரு நெறிப்புச் சத்தம் கேட்கும். அப்புறம் கழன்ற தாளைத் துரத்திக்கொண்டு அதே மணலில் நிற்கும் கார்ல் ஷ்மிட் நினைவு மண்டபம் வரை ஓட வேண்டியதுதான். கிண்டிலுக்கு ஒரு கை போதும். மறு கை சுண்டலுக்கு.

இனி எரிச்சல்கள். தண்ணீரில் விழுந்தாலும் பிழைக்கும் என்கிறார்கள்: இரண்டு மீட்டர் ஆழ நல்ல தண்ணீரில் ஒரு மணி நேரம். ஆனால் தொடுதிரைக்கு விரலும் வியர்வைத் துளியும் ஒன்றுதான். சென்னைப் புழுக்கத்தில் நெற்றியிலிருந்து சொட்டு விழுந்தால் பக்கம் தானாகப் புரளும். கதாநாயகி கோபித்துக்கொண்டு கிளம்பும் இடத்தில் சட்டென்று அடுத்த அத்தியாயம் வந்து நிற்கும். பக்கம் திருப்ப இந்த மாடலில் பொத்தானும் கிடையாது. கடல் தண்ணீர் பட்டால் நல்ல தண்ணீரில் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகே சார்ஜ் போட வேண்டும். இயங்கும் வெப்பநிலை 0 முதல் 35 டிகிரி வரை என்று போட்டிருக்கிறார்கள். சென்னையின் மே மாதத்தை மனத்தில் வைத்து எழுதியதாகத் தெரியவில்லை.

தமிழ் நூல்கள் கிண்டிலுக்கு முறையாக வந்தது 2016 டிசம்பரில். நிறையச் சேர்ந்திருக்கிறது, இருந்தாலும் நான் தேடும் பழைய கட்டுரைத் தொகுப்புகளில் பாதிக்கு மேல் காகிதத்தில் மட்டுமே உண்டு. அவற்றை வருடி எடுத்த பிடிஎஃப் கோப்புகளை இந்தச் சின்னத் திரையில் படிப்பது கண்ணுக்குத் தண்டனை.

என் முடிவு பலருக்குப் பிடிக்காது: வெளியே போகும்போது கிண்டில், வீட்டில் மின்விசிறிக்குக் கீழே காகிதம். மணலும் வியர்வையும் உப்புக்காற்றும் நல்ல பதிப்பைப் பாழாக்கும். அதிலும் நூலகப் புத்தகத்தைக் கடற்கரைக்குக் கொண்டுபோவது அநியாயம். காகிதத்துக்குச் சாதகமாக ஒன்றே ஒன்று சொல்லலாம். காலை நனைக்கப் போகும்போது புத்தகத்தைச் செருப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகலாம், யாரும் சீண்ட மாட்டார்கள். 13,999 ரூபாய்க்கு அறிமுகமான சாமானை அப்படி விட்டுப் போக எனக்கு மனம் வராது. கூட யாராவது வந்தால்தான் எனக்கு அலை.