காற்றைக் கணக்கிட்ட வரைகலை அட்டைகள்: எட்டு ஆண்டு அனுபவம்

சிங்கப்பூரில் வடகிழக்குப் பருவக்காற்று வீசும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் எங்கள் புளோக்கின் (அடுக்குமாடிக் கட்டடத்தின்) வெற்றுத்தளத்தில், அதாவது வீடுகளில்லாத திறந்த தரைத்தளத்தில், செய்தித்தாளை விரித்துப் படிக்க முடியாது. ஐம்பது மீட்டர் தள்ளியிருக்கும் அடுத்த புளோக்கின் வெற்றுத்தளத்திலோ அதே நேரத்தில் ஓர் இலைகூட அசையாது. இது ஏன் என்று பார்க்கத்தான் 2017ஆம் ஆண்டில் ஒரு நிரலை எழுதத் தொடங்கினேன். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடிகளின் இடையே காற்று எப்படிப் புகுந்து எப்படி வெளியேறுகிறது என்பதை, கணினித் திரையில் படம் வரைவதற்கான வரைகலை அட்டையில் கணக்கிடும் அந்த நிரலை இன்றுவரை விடவில்லை. விளையாட்டுக்காக அட்டை வாங்குவோருக்கான மதிப்புரைகள் ஏராளமாக இருக்கின்றன; ஒரே கணக்கைப் பல தலைமுறை அட்டைகளில் ஆண்டுக்கணக்கில் ஓட்டியவரின் குறிப்பு தமிழில் என் கண்ணில் படவில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

நான் பயன்படுத்தும் முறைக்கு லாட்டிஸ் போல்ட்ஸ்மான் முறை என்று பெயர். காற்று வெளியைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் 19 எண்களை வைத்துக்கொள்கிறோம். 18 திசைகளில் நகரும் காற்றுக்கு ஒவ்வொன்று, நகராமல் நிற்கும் காற்றுக்கு ஒன்று. ஒவ்வொரு காலப்படியிலும் அந்த 19 எண்களைப் படித்து, சில நூறு கூட்டல் பெருக்கல்களைச் செய்து, மறுபடியும் 19 எண்களை எழுத வேண்டும். எண் ஒன்றுக்கு 4 பைட் என்றால், ஒரு கட்டத்துக்கு 152 பைட் நினைவகத்துக்கும் செயலிக்கும் இடையே போய்வர வேண்டியிருக்கிறது. இந்த 152 என்ற எண்தான் எட்டு ஆண்டுகளாக என் பணப்பையை ஆட்டிவைக்கிறது.

முதலில் வாங்கியது என்விடியா நிறுவனத்தின் ஜிடிஎக்ஸ் 1080 டிஐ. 2017 மார்ச்சில் வெளிவந்த அந்த அட்டையில் 3,584 கணிப்புக் கருக்களும் (கணக்குப் போடும் சிறு அலகுகள்) 11 ஜிகாபைட் நினைவகமும் இருந்தன. ஒரு நொடியில் 11 லட்சம் கோடிக்கு மேற்பட்ட கணக்குகள், அதாவது சுமார் 11.3 டெராஃபிளாப்ஸ், செய்யும் என்று அதன் விவரத்தாள் சொன்னது. நினைவகத்திலிருந்து நொடிக்கு 484 ஜிகாபைட் தரவைத்தான் கொண்டுவரும் என்பதையும் அதே தாள் சொன்னது. இரண்டாவது எண்ணை நான் அப்போது பொருட்படுத்தவில்லை. நிரலை ஓட்டிப் பார்த்த பிறகுதான், 484ஐ 152ஆல் வகுத்தால் நொடிக்கு ஏறத்தாழ 3,180 மில்லியன் கட்டங்கள் என்ற எல்லை கிடைக்கிறது என்பதும், எத்தனை கருக்கள் இருந்தாலும் அந்த எல்லையைத் தாண்ட வழியில்லை என்பதும் புரிந்தது. சமையற்கட்டில் எத்தனை பேர் நின்றாலும், கிணற்றில் கிடப்பது ஒரே வாளி என்றால் உலை அந்த வாளியின் வேகத்தில்தான் ஏறும்.

அந்த எல்லையின் அருகில் செல்லவே எனக்கு ஓராண்டு ஆயிற்று. வரைகலைச் செயலியில் 32 இழைகள், அதாவது தனித்தனிக் கணக்கோட்டங்கள், ஒரு குழுவாக ஒரே கட்டளையை நிறைவேற்றுகின்றன. இந்தக் குழுவை வார்ப் என்பார்கள். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயர்தான் அது. நெசவுத்தொழில் தெரிந்தவர்கள் யாராவது தமிழில் முதலில் இதை எழுதியிருந்தால் நாம் இன்று பாவு என்றே சொல்லிக்கொண்டிருப்போம். சிராங்கூன் சாலைக் கோயில்களின் அன்னதானப் பந்தியைப் பார்த்தவர்களுக்கு இதன் நடைமுறை எளிதில் விளங்கும்: ஒரு வரிசையில் 32 இலைகள், எல்லா இலைக்கும் ஒரே நேரத்தில் சோறு, ஒரே நேரத்தில் சாம்பார். வரிசையில் நான்கு பேருக்கு மட்டும் வேறு பதார்த்தம் என்றால், அவர்களுக்குப் பரிமாறி முடியும்வரை மற்ற 28 பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். என் நிரலில் சுவரை ஒட்டிய கட்டங்களுக்குத் தனிக் கணக்கு இருந்ததால் இந்தக் காத்திருப்பு நிறைய நேர்ந்தது. அதைவிடப் பெரிய தவறு, ஒரு கட்டத்தின் 19 எண்களையும் நினைவகத்தில் அடுத்தடுத்து அடுக்கியிருந்தது. அடுத்தடுத்த இழைகள் அடுத்தடுத்த முகவரிகளைப் படித்தால்தான் தரவு மொத்தமாக வந்து சேரும். எனவே முதல் திசையின் எண்கள் எல்லாக் கட்டங்களுக்கும் ஒரே வரிசையில், இரண்டாம் திசைக்கு அடுத்த வரிசையில் என்று மாற்றி அடுக்கினேன். அதே அட்டையில், ஒரு காசு செலவில்லாமல், வேகம் பல மடங்கு உயர்ந்தது.

அடுத்த அட்டைக்கு ஐந்து ஆண்டுகள் காத்திருந்தேன். ஆர்டிஎக்ஸ் 3090 வெளிவந்தது 2020 செப்டம்பரில். ஆனால் கணினிக் கணக்குகள் மூலம் மின்காசு (கிரிப்டோ நாணயம்) ஈட்டும் அகழ்வோர் கடைகளைக் காலி செய்துகொண்டிருந்த காலம் அது. 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற மின்காசு தன் முறையை மாற்றிக்கொண்டு அகழ்வுக்கு வரைகலை அட்டையே தேவையில்லை என்றாக்கியதும், பழைய அட்டைகள் சந்தையில் குவிந்தன. அவ்வாண்டு இறுதியில் இணையத்தில் ஒருவரிடமிருந்து ஆயிரம் சிங்கப்பூர் வெள்ளிக்குச் சற்று மேல் கொடுத்து ஒரு 3090ஐ வாங்கினேன். ஓய்வில்லாமல் அகழ்வில் ஓடிய அட்டை என்பது திறந்து பார்த்ததும் தெரிந்தது. 3090இல் நினைவகச் சில்லுகளில் பாதி அட்டையின் பின்புறத்தில் இருக்கின்றன. அவற்றின் வெப்பத்தைக் கடத்தும் மென்பட்டைகள் காய்ந்து உதிர்ந்திருந்தன. முதல் இரவு ஓட்டத்திலேயே நினைவகம் 110 பாகை செல்சியஸைத் தொட்டு, அட்டை தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டது. புதிய பட்டைகளை வெட்டி ஒட்டி, பின்புறத்தில் ஒரு சிறு விசிறியை வைத்த பிறகு 90 பாகைக்குக் கீழே நின்றது. பழைய அட்டை வாங்குவோர் பட்டை மாற்றும் வேலையையும் விலையோடு சேர்த்தே நினைத்துக்கொள்வது நல்லது.

வெப்பத்தைவிட என்னை அதிகம் படுத்தியது வேறொன்று. 1080 டிஐ அட்டையில் ஐந்து ஆண்டுகள் பிசகாமல் ஓடிய நிரல், 3090இல் பத்து ஓட்டத்துக்கு ஒருமுறை மொத்த நிறையைத் தவறாகக் காட்டியது. காற்று எங்கிருந்தோ பிறந்தது, எங்கோ மறைந்தது. அட்டை பழுது என்று நினைத்து விற்றவரைத் திட்டியிருக்கிறேன். பாவம், அவர்மேல் குற்றமில்லை. பழைய கட்டமைப்பில் ஒரு வார்ப்பின் 32 இழைகளும் எப்போதும் ஒன்றாகவே நகரும் என்று நம்பி, அவற்றின் விடைகளைக் கூட்டும் பகுதியில் எல்லா இழைகளும் வந்து சேரும்வரை காத்திருக்கச் சொல்லும் ஒத்திசைவுக் கட்டளையை நான் விட்டிருந்தேன். 2017இல் வந்த வோல்ட்டா என்ற செயலிக் கட்டமைப்பிலிருந்து ஒவ்வோர் இழையும் தனித்து நகர அனுமதிக்கப்பட்டிருக்கிறது. 3090 அதற்குப் பின் வந்தது. இந்த அட்டைகளுக்கு நிரல் எழுத உதவும் கூடா என்ற மென்பொருளின் ஒன்பதாம் பதிப்பிலேயே இதற்கான புதிய கட்டளைகள் வந்து, பழையவற்றைக் கைவிடச் சொல்லும் எச்சரிக்கையும் நிரலைத் தொகுக்கும்போதெல்லாம் திரையில் ஓடிக்கொண்டிருந்தது. எச்சரிக்கைகளைப் படிக்காதவனுக்கு இரண்டு வாரங்கள் வீணாயின.

நிரல் சரியான பிறகு 3090 தன் 936 ஜிகாபைட் வேகத்துக்கு ஏற்ப, பழைய அட்டையைப்போல் இரு மடங்குக்குச் சற்றுக் குறைவாக ஓடியது. டெராஃபிளாப்ஸ் கணக்கில் மூன்று மடங்குக்கு மேல் வந்திருக்க வேண்டும். மீதியை நிரலில்தான் பெற்றேன். எண்களை 32 பிட்டில் (4 பைட்) கணக்கிட்டு, நினைவகத்தில் மட்டும் 16 பிட்டாகச் (2 பைட்) சேமிக்கலாம் என்ற உத்தி அது. அப்படியே சுருக்கினால் துல்லியம் கெட்டுவிடும். ஆனால் காற்று அசையாதிருக்கும்போது ஒவ்வொரு திசைக்கும் உள்ள மாறாத மதிப்பைக் கழித்துவிட்டு, எஞ்சிய சிறு வேறுபாட்டை மட்டும் சேமித்தால் 16 பிட் போதுமானதாக இருக்கிறது. 152 பைட் 76 ஆகிவிட, வேகம் ஏறக்குறைய இரட்டித்தது. அதே 24 ஜிகாபைட்டில் இரு மடங்குக் கட்டங்களும் அடங்கின. வெற்றுத்தளத்துத் தூண்களையும் மின்தூக்கிக் கூடத்தின் திருப்பங்களையும் தனித்தனியாகக் காட்ட முடிந்தது அதற்குப் பிறகுதான்.

ஆர்டிஎக்ஸ் 4090ஐ நண்பர் ஒருவர் மூன்று வாரங்களுக்குக் கொடுத்து உதவினார். 16,384 கருக்கள், 82 டெராஃபிளாப்ஸுக்கு மேல், உலகமே வியந்த அட்டை. அதன் நினைவக வேகம் 1,008 ஜிகாபைட். 3090ஐவிட எட்டு விழுக்காடுகூட அதிகமில்லை. என் பெரிய களங்களில் (கணக்கிடும் காற்று வெளிகளில்) கிடைத்த முன்னேற்றமும் ஏறத்தாழ அவ்வளவே. ஆயினும் பக்கத்துக்கு 80 கட்டங்கள் கொண்ட சிறு சோதனைக் களம் வியக்கத்தக்க வேகத்தில் ஓடியது. 6 மெகாபைட்டாக இருந்த, செயலிக்குள்ளேயே அமைந்த இரண்டாம்நிலை இடைநினைவகத்தை 72 ஆக உயர்த்தியிருக்கிறார்கள், 39 மெகாபைட் கொண்ட அந்தக் களம் முழுவதும் அதற்குள்ளேயே அடங்கிவிட்டது. செயற்கை நுண்ணறிவுக்கான நரம்பணி வலையமைப்புகளைப் பயிற்றுவிக்கும் அந்த நண்பருக்கு இதே அட்டை முந்தையதைப்போல் இரு மடங்கு வேலை செய்கிறது. ஆகவே 4090 மோசம் என்று நான் சொல்லவில்லை. என் கணக்குக்கு அது புது வீட்டுக்குப் போட்ட பழைய குழாய்.

எண்ணுக்கு 64 பிட் எடுக்கும் இரட்டைத் துல்லியத்தில் மட்டும் நிலைமை தலைகீழாகிறது. 16 பிட் சேமிப்பு என்னை ஏமாற்றவில்லை என்பதை உறுதிசெய்ய, ஒரே களத்தை 64 பிட்டிலும் ஓட்டி ஒப்பிட்டேன். 3090இன் 64 பிட் திறன் அதன் 32 பிட் திறனில் 64இல் ஒரு பங்குதான், சுமார் 0.56 டெராஃபிளாப்ஸ். தண்ணீர் வந்து குவிந்தது, சமைக்க ஆளில்லை. இந்த வேலைக்கென்றே செய்யப்பட்ட ஏ100 அட்டையில் அது 9.7 டெராஃபிளாப்ஸ்; செயலியின் பக்கத்திலேயே அடுக்கடுக்காக வைக்கப்பட்ட எச்பிஎம் நினைவகத்தின் வேகம் 40 ஜிகாபைட் வகையில் 1,555 ஜிகாபைட். சிங்கப்பூரின் தேசிய மீக்கணினி மையத்தில் உள்ள ஆஸ்பயர் 2ஏ கணினியில் ஏ100 அட்டைகள் இருக்கின்றன. பணி தொடர்பாக அங்கு ஓட்டக் கிடைத்த சில மணி நேரத்தில், வீட்டில் இரவு முழுவதும் பிடித்த சரிபார்ப்பு முடிந்துவிட்டது. சராசரிக் காற்று வேகத்தில் 16 பிட்டுக்கும் 64 பிட்டுக்கும் இடையே எனக்குப் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு தெரியவில்லை; சுழல்கள் மட்டும் கொஞ்ச நேரம் கழித்து வெவ்வேறு வழிகளில் பிரிந்தன. கொந்தளிப்பில் அது எதிர்பார்க்க வேண்டியதுதான்.

நம் ஊரில் இந்த அட்டைகளோடு வாழ்வதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 350 வாட் எடுக்கும் அட்டை 350 வாட் வெப்பத்தை அறைக்குள் கொட்டுகிறது. அதைக் குளிரூட்டி மறுபடியும் மின்சாரம் செலவழித்து வெளியே தள்ள வேண்டும். சத்தம் தாங்காமல், பாம் ஷெல்டர் (குண்டுவீச்சுப் புகலிடம்) என்று வீட்டில் எல்லாரும் சொல்லும் இரும்புக் கதவு அறையில் கணினியை வைத்துப் பார்த்தேன். கதவை மூடி ஒரு மணி நேரத்தில் அங்கிருந்த அரிசி மூட்டைவரை சூடேறியிருந்ததால் அம்மா அன்றே வெளியேற்றிவிட்டார். இப்போது 3090இன் மின் எல்லையை 280 வாட்டாகக் குறைத்து ஓட்டுகிறேன். கருக்கள் எப்படியும் தரவுக்காகக் காத்திருப்பவைதான் என்பதால், வேகத்தில் ஓரிரு விழுக்காட்டுக்கு மேல் இழப்பில்லை. கணினி முழுவதற்கும் 400 வாட் என்று வைத்துக்கொண்டால், பத்து மணி நேர இரவு ஓட்டத்துக்கு நான்கு யூனிட், யூனிட் ஏறத்தாழ 30 காசு என்ற கணக்கில் ஒரு வெள்ளி இருபது காசு. குளிரூட்டியின் செலவு தனி.

2025 ஜனவரியில் வந்த ஆர்டிஎக்ஸ் 5090இன் விவரத்தாளில் நான் முதலில் தேடிய எண் 1,792. நினைவகப் பாதை 384 பிட்டிலிருந்து 512 ஆகி, புதிய ஜிடிடிஆர்7 நினைவகச் சில்லுகளும் சேர்ந்ததால், என் நிரலுக்கு உண்மையிலேயே பெரிய தாவல் ஒன்று வெகுநாள் கழித்து வந்திருக்கிறது; நினைவகமும் 32 ஜிகாபைட். கூடவே 575 வாட்டும் வந்திருக்கிறது. எல்லையைக் குறைத்து ஓட்டலாம் என்றாலும், எங்கள் அறையின் குளிரூட்டிக்கு இப்போதே பன்னிரண்டு வயது, மூச்சு வாங்குகிறது. அதை மாற்றும் ஆண்டில்தான் அட்டையையும் மாற்றுவது என்று வீட்டில் பேசி முடித்திருக்கிறோம்.